வயதான தலைவர்களும் மறந்துபோன போர்களும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். உக்ரைன், காசா, பிறகு 2025 மே மாதம் நம் எல்லையிலேயே நான்கு நாள் நடந்த மோதல் என்று ஒவ்வொரு முறையும் வகுப்பிலும் ஆசிரியர் அறையிலும் ஏற்காடு பஸ்ஸிலும் அம்மாப்பேட்டை டீக்கடையிலும் என்னிடம் வந்த சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: இவ்வளவு வயதானவர்கள் ஆளும்போது உலகம் ஏன் மறுபடி சண்டைக்குப் போகிறது? கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று மட்டும் குறித்திருக்கிறேன்.

1. எல்லாரும் எழுபது, எண்பது வயசு ஆளுங்க. போரைப் பார்த்தவங்கதானே டீச்சர், அப்புறமும் ஏன் சண்டைக்குப் போறாங்க?

பார்க்கவில்லை. தலை நரைத்திருப்பதால் பார்த்திருப்பார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தது 1945 செப்டம்பரில். டிரம்ப் பிறந்தது 1946, நெதன்யாகு 1949, புதின் 1952, ஷி ஜின்பிங் 1953. ஆறு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் போர் நடந்தபோது இவர்களில் ஒருவர்கூடத் தொட்டிலில் இல்லை. அமெரிக்காவில் அந்தப் போரில் சண்டையிட்ட கடைசி அதிபர் மூத்த புஷ். அவர் பதவியிலிருந்து இறங்கியது 1993 ஜனவரியில்.

இவர்கள் வேறு போர்களையே பார்த்ததில்லை என்று நான் சொல்லவில்லை. நெதன்யாகு சிறப்புப் படையில் இருந்தவர். 1976ல் உகாண்டாவின் எண்டபி விமான நிலையத்தில் பணயக் கைதிகளை மீட்ட நடவடிக்கையில் அண்ணனைப் பறிகொடுத்தவர். அவர் விஷயம் 5ஆம் கேள்வியில் வருகிறது.

2. அப்போ அந்தப் போரை நெசமாவே பார்த்தவங்க யாரும் உசிரோட இல்லையா?

இருக்கிறார்கள், ஆனால் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். 1945ல் இருபது வயதில் துப்பாக்கி பிடித்தவருக்கு இன்று நூறு வயது தாண்டியிருக்கும். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் பிழைத்தவர்களை ஜப்பான் அரசு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2025ல் அந்த எண்ணிக்கை முதன்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தது. அவர்களின் சராசரி வயது 86க்கு மேல். அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024ல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். குண்டு விழுந்து 79 ஆண்டு கழித்து! பரிசு யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்விட்டார்கள்.

3. அது வெள்ளைக்காரன் சண்டைங்க. சேலத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே கேட்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். 1914ல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த செயற்கைச் சாயம் நின்றது. இந்தியா முழுக்கச் சாய விலை எகிறியது. சாயம் தோய்த்துத் தறி ஓட்டும் ஊருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சேலத்தின் குகைப் பகுதியிலும் பொன்னம்மாபேட்டையிலும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் போரில் நூலுக்கே தட்டுப்பாடு. 1943ல் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணை போட வேண்டியதாயிற்று. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது, பர்மா அரிசி வருவது நின்றது. வங்காளத்தில் அடுத்த ஆண்டு வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பர்மா அரிசி நின்றது ஒரு காரணம். ஆண்டவர்களின் போர்க்காலக் கொள்கை இன்னொரு காரணம்.

இதைவிட நெருக்கமான சங்கதி ஒன்று உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தஞ்சாவூர், திருச்சி, ஆற்காடு ஆட்களோடு நம் ஊர்க்காரர்களும் கங்காணி பின்னால் கப்பலேறினார்கள். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதன்பின் அந்தத் தோட்டத் தமிழர்களை ஜப்பான் ராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனது. 415 கிலோமீட்டர் பாதை, காட்டுக்குள், காலராவுக்கும் மலேரியாவுக்கும் நடுவே. பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 12,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை.

நம் வீட்டில் ‘தாத்தாவோட அண்ணன் மலாயா போனார், திரும்பி வரல’ என்று ஒரு வரி இருந்தால், அதைக் கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவாதீர்கள். எந்த வருஷம் போனார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று விசாரியுங்கள்.

4. அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பக்கம் போரே நடக்கலையா?

நடந்தது. ஹைதர், திப்பு காலத்து மைசூர்ப் போர்கள் இந்த வழியாகத்தான் போயின. 1792 உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போயின. 1805ல் தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு இன்றும் மாலை போடுகிறோம். போட வேண்டும்தான். ஆனால் படை போன வழியெல்லாம் தானியத்தையும் மாட்டையும் பறிகொடுத்த ஊர்களைப் பற்றி நம்மிடம் ஒரு விழாவும் இல்லை. வீரம் நினைவில் நிற்கிறது, பசி நிற்பதில்லை. தலைவர்கள் மறக்கிறார்கள் என்று குறை சொல்லும்போது இதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

5. போரை நேர்ல பார்த்தவன் மறுபடி போருக்குப் போக மாட்டான்னு நம்பலாமுங்களா?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1859ல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் 28 வயதில் தானே படை நடத்தித் தோற்றவர். அன்று களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்து மனம் கலங்கிய ஹென்றி டுனான்ட் என்ற ஜெனிவா வணிகர்தான் செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமானார். அதே களத்தைப் பார்த்த பேரரசர், 1914 ஜூலையில், 83 வயதில், செர்பியா மீது போர் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். முதல் உலகப் போர் அங்கே தொடங்கியது.

ஹிட்லரும் நான்கு ஆண்டு பதுங்குகுழிப் போரில் இருந்தவர்தான். 1918ல் விஷவாயுவில் கண் பார்வை போய் மருத்துவமனையில் கிடந்தவர். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது பழிவாங்கும் வெறியை. அண்ணனை இழந்த நெதன்யாகு எடுத்துக்கொண்டது, பகைவனை அடித்துக்கொண்டே இருந்தால்தான் பிழைக்க முடியும் என்ற முடிவை. காசாவில் அது பல்லாயிரம் குழந்தைகள் உட்பட எத்தனை உயிரைக் கேட்டது என்று பார்த்தோம். நேரில் பட்ட துன்பம் ஒருவரைக் கனிய வைக்கலாம், இறுக்கியும் விடலாம்.

கனிந்ததற்கும் சாட்சி உண்டு. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி. பதின்மூன்று நாள் உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றது. அப்போது சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதிய கடிதத்தில், தான் இரண்டு போர்களில் இருந்தவன் என்றும், ஊர் ஊராக, நகரம் நகரமாகச் சாவை விதைத்த பிறகே போர் ஓயும் என்பது தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். ஸ்டாலின்கிராடில் இருந்தவர் அவர். விமானப்படையில் இருந்த மகன் 1943ல் செத்துப்போனான். கென்னடியின் படகைப் பசிபிக்கில் ஜப்பானியக் கப்பல் மோதிப் பிளந்தது, அண்ணன் 1944ல் விமானத்தோடு வெடித்துப் போனார். இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். பயமும் ராஜதந்திரமும் அதில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுத, போரைக் கண்ட ஒருவரால்தான் முடியும் என்பது என் எண்ணம்.

6. அப்பா அம்மா பட்ட கஷ்டத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பயம் ஒட்டாதா?

ஒட்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் புதினைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் போட்ட லெனின்கிராட் முற்றுகை 872 நாள். பட்டினியில் மட்டும் லட்சக்கணக்கில் செத்தார்கள். புதினின் அண்ணன் சிறு குழந்தையாக அந்த முற்றுகையில்தான் செத்தான். அப்பா போரில் காலில் காயம்பட்டவர். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான் 2022 பிப்ரவரி 24ல் உக்ரைனுக்குள் படை அனுப்பினார். அனுப்பும்போது சொன்ன காரணமே பழைய போர்தான்: நாஜிகளை ஒழிக்கப் போகிறேன் என்றார். பட்டவர் சொன்ன கதை வேறு. அரசு மேடை போட்டு, அணிவகுப்பு வைத்து, வெற்றியை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொல்லும் கதை வேறு. இரண்டாவதைக் கேட்டு வளர்கிறவருக்குப் போர் என்றால் பெருமைதான் ஞாபகம் வரும்.

7. அப்ப இளைஞர்களை உக்கார வெச்சா சரியாப் போயிடுமா மிஸ்?

போகாது. ஏமன் மீது 2015 மார்ச்சில் சவூதி குண்டு போடத் தொடங்கியபோது அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் முகமது பின் சல்மானுக்கு வயது 29. நம் மக்களவை உறுப்பினர்களின் சராசரி வயது 56, நாட்டு மக்களில் பாதிப் பேர் முப்பதுக்குள். அந்த இடைவெளி குறையட்டும், அது வேறு காரணங்களுக்காக நல்லது. போர் வராமல் இருக்க அது மட்டும் போதாது. அதிக வயதே தடை என்றால் அடுத்த கேள்வியில் வருகிறவரை என்ன செய்வது?

8. ராஜாஜி அணுகுண்டை நிறுத்தச் சொல்லி அமெரிக்கா போனாராமே, நெசமா?

நிஜம். சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், 1917ல் சேலம் நகராட்சித் தலைவரானவர், அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாஷிங்டன் போய்க் கென்னடியைச் சந்தித்து, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று வாதாடினார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி. 1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் வானிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதில்லை என்று கையெழுத்திட்டன. இவர் போனதால்தான் அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில், தள்ளாத வயதில் போய்க் கேட்டார் என்பது போதும்.

அவர் எந்தப் போரையும் வேண்டாம் என்றவர் அல்லர். 1942ல் ஜப்பான் வாசலுக்கு வந்துவிட்டது, இந்த நேரத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ வேண்டாம் என்று காந்தியோடேயே முரண்பட்டுக் காங்கிரஸை விட்டு வெளியேறியவர். குலக்கல்வி, இந்தி என்று அவரோடு எனக்கு ஆயிரம் கணக்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பிள்ளைகளிடம் தலை நிமிர்ந்து சொல்கிறேன்.

9. பாடம் பாடம்ங்கறீங்க. அந்தப் பாடம் என்னன்னு முதல்ல சொல்லுங்க!

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். இதுவரை வந்ததிலேயே கடினமான கேள்வி. ஏனென்றால் இரண்டு போர்கள் இரண்டு பாடத்தைச் சொல்கின்றன. 1914 சொல்வது: வீம்புக்காகவும் கூட்டாளிக்காகவும் அவசரப்பட்டு இறங்காதே, பிறகு நிறுத்த முடியாது. 1938ல் ஹிட்லருக்கு மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியைத் தூக்கிக் கொடுத்தார்கள், அவர் அடங்கவில்லை. அது சொல்வது: ஆக்கிரமிப்பவனிடம் பணியாதே. இரண்டும் உண்மை. எந்த நேரத்துக்கு எது என்று தெரிவதில்தான் எல்லாச் சிக்கலும்.

பிரிட்டிஷ் பிரதமர் ஆந்தனி ஈடன் முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கியவர், அதே போரில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். 1956ல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும், ஈடனுக்கு 1930களின் சர்வாதிகாரிகள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். படை அனுப்பினார். உலகமே எதிர்த்தது, சில நாட்களில் நிறுத்த வேண்டி வந்தது, பதவியும் போயிற்று. நினைவு இருந்தது, பொருத்திய இடம் தப்பு. வயதானவர்கள் ஆளும்போது நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். இளமையில் மனதில் பதிந்த ஒரே ஒரு போரை வைத்துக்கொண்டு எதிரே வருகிற ஒவ்வொரு ஆளையும் அளக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு போருக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு: தொடங்கியவர் நினைத்த நாளில் எந்தப் போரும் முடிந்ததில்லை. சில வாரங்களில் முடியும் என்று சொல்லித்தான் 1914லும் போனார்கள், 2022லும் போனார்கள்.

10. பதவியில இருக்கறப்ப வாயே திறக்கறதில்ல. ரிட்டையர் ஆனதும் சமாதானம் பேசறாங்களே?

உண்மைதான், கோபப்பட வேண்டிய உண்மை. வியட்நாம் போரை நடத்திய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, அது தவறு என்று எழுத 1995 வரை ஆயிற்று. பதவி விட்டு 27 ஆண்டு. ஐசன்ஹோவர் எட்டு ஆண்டு அதிபராக இருந்துவிட்டு, ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோப்பதால் வரும் ஆபத்தை 1961ல் பதவி இறங்க மூன்று நாள் இருக்கும்போதுதான் நாட்டுக்குச் சொன்னார். முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர்கூட 2007ல் வேறு மூன்று பெரியவர்களோடு சேர்ந்து அணு ஆயுதமற்ற உலகம் வேண்டும் என்று எழுதினார்.

நாற்காலியில் இருக்கும்போது தளர்ந்தவன் என்று பெயர் வாங்க யாருக்கும் மனம் வருவதில்லை. எனவே அவர்கள் தானாக நினைவுகூர்வார்கள் என்று காத்திருக்கக் கூடாது. ஓட்டுக் கேட்டு வரும்போது நாம்தான் நினைவுபடுத்த வேண்டும்.

11. நினைவு எப்படியும் அழிஞ்சுடும்னா, அப்புறம் எதை நம்பறது?

எழுதி வைத்த ஏற்பாடுகளை. ஆட்கள் போனாலும் அவை நிற்கும், யாராவது கிழித்துப் போடாதவரை. ஐ.நா. சாசனம் 1945 ஜூனில் சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்தானபோது இந்தியக் குழுவின் தலைவராகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். வருங்காலத் தலைமுறைகளைப் போரிலிருந்து காப்பதுதான் அதன் முதல் வரியே. கியூபா நெருக்கடிக்குப் பிறகு, 1963ல், வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு போட்டார்கள். பயம் ஆறுவதற்குள் செய்துகொண்ட வேலை அது.

நம் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு, பலருக்குத் தெரியாது. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31ல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் போட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். கார்கில் போர் வந்தும் அந்த வழக்கம் நிற்கவில்லை. 2025 மே 10ல் துப்பாக்கிகள் ஓய்ந்ததுகூட இரு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் தொலைபேசியில் பேசியதால்தான். தொலைக்காட்சியில் கத்தியவர்கள் யாரும் அந்த போனை எடுக்கவில்லை.

இவை ஒவ்வொன்றாகப் போவதுதான் என் கவலை. ரீகனும் கோர்பச்சேவும் 1987ல் செய்த ஏவுகணை ஒப்பந்தம் 2019ல் முடிந்தது. அமெரிக்கா, ரஷ்யா இரண்டின் பெரிய அணு ஆயுதங்களுக்கு உச்சவரம்பு வைத்த கடைசி ஒப்பந்தத்தின் காலக்கெடு 2026 பிப்ரவரி 5.

12. என் தம்பி ராணுவத்துல இருக்கான். போர் வேண்டாம்னு பேசினா அவனை அவமதிக்கிற மாதிரி ஆகாதா டீச்சர்?

ஆகாது கண்ணு. அவன் உயிருக்கு விலை வைத்துப் பேசுகிறவர்கள்தான் அவனை அவமதிக்கிறார்கள். அக்னிபத் திட்டத்தில் சேரும் வயது பதினேழரையில் தொடங்குகிறது. முடிவெடுப்பவர் எழுபதைத் தாண்டியவர். போகிறவன் சார்பில் நூறு தடவை யோசிக்கச் சொல்வது வீட்டாருக்கு உரிமை, கடமையும்கூட. நாட்டைத் தாக்க வருகிறவனைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 9ஆம் கேள்வியில் மியூனிக்கைச் சொன்னது அதற்காகத்தான்.

இங்கிருந்து தொப்பூர்க் கணவாய் தாண்டினால் தர்மபுரி. அதுதான் அதியமானின் தகடூர். 1965 வரை நம் மாவட்டம். அவனுக்காகத் தூது போன ஔவையிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மயில் பீலி சூட்டி, நெய் பூசி, பளபளவென்று காவலில் இருந்தன ஆயுதங்கள். ஔவை சொன்னாள்: உன்னுடையவை இப்படி இருக்கின்றன, அவனுடையவை குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அதியமானின் வீரத்தைப் புகழ்ந்த பாட்டு என்றுதான் பாடம் நடத்துவோம். எனக்கு அதில் இன்னொன்றும் கேட்கிறது: ஆயுதம் மினுங்குகிற இடத்தில் இருப்பவனுக்குத்தான் போர் ஆசை.

13. போரைப் பார்த்தவங்க நம்ம பக்கத்துல இப்ப யாராவது இருக்காங்களா?

தாராளமாக இருக்கிறார்கள். பவளத்தானூர், குறுக்குப்பட்டி என்று நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று பெயர். 1983க்குப் பிறகு படகில் வந்தவர்கள், 1990ல் வந்தவர்கள், கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன் வந்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஒரு பாட்டியம்மா என்னிடம் சொன்னார்: இங்கே வந்து இத்தனை வருஷம் ஆகியும், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் முதலில் கை போவது அடுப்பை அணைக்கத்தான், புகை தெரியக் கூடாது.

போர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களைத் தேடி ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. ஓமலூர் பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். முப்பது நாற்பது ஆண்டாக இங்கே வாழும் அவர்களிடம், வெளியூர்ச் சண்டையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்களில் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை. போரை அறிந்தவர்களின் குரல் அதிகாரத்தில் இல்லை என்று உலகத்தைக் குறை சொல்கிறோமே, நம் மாவட்டத்துக்கும் அது பொருந்துகிறது.

14. போய்க் கேட்டா அவங்க மனசு கஷ்டப்படாதா? என்னன்னு கேக்கறது?

கஷ்டப்படலாம். எனவே முதல் நாளே ‘யார் செத்தாங்க?’ என்று கேட்கக் கூடாது. முன்பின் தெரியாதவராகப் போய் நிற்காமல், அந்த வீட்டுப் பிள்ளை உங்களுடன் படித்தால் அவன் வழியாகப் போங்கள். போனை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள். அனுமதி கேட்டு, பிற்பாடு பார்க்கலாம். பேச விருப்பமில்லை என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை.

பேசத் தொடங்கினால் சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், அரிசி என்ன விலை, பள்ளிக்கூடம் எந்த மாதம் மூடினார்கள், வீட்டை விட்டுக் கிளம்பும்போது கையில் எதை எடுத்தீர்கள். மலாயா, பர்மா போன குடும்பங்களின் பெரியவர்களிடமும் இதே கேள்விகள் செல்லும். 3ஆம் கேள்வியில் சொன்ன வருஷங்களைக் கையில் வைத்துக்கொண்டால் அவர்கள் சொல்வது எந்தக் காலம் என்று பிடிபடும். வீட்டுக்கு வந்த அன்றே, அவர்கள் சொன்ன சொல் மாறாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு பிரதி அவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.